டைமிங் கியர் புள்ளிகள் ஒருமுறை சேர்ந்தன, சுற்றிப் பார்த்தால் மறுபடி சேரவில்லை. பல் தள்ளிப் போய்விட்டதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பழைய நாலு சிலிண்டர் டீசல் டிராக்டர் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டுகிறீர்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஐட்லர் (இரண்டுக்கும் நடுவில் நின்று சுழலும் இணைப்புக் கியர்) ஆகிய மூன்று கியர்களிலும் அடையாளமாக இருந்த புள்ளிகளைச் சேர்த்துத்தான் பூட்டினீர்கள். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்ததா என்று பார்க்கக் கையால் சில சுற்று சுற்றினீர்கள். அதன் பிறகு ஐட்லர் புள்ளிகள் எங்கேயோ போய்விட்டன, சேரவே மாட்டேன் என்கின்றன. பூட்டும்போது முதல் பிஸ்டன் மேலே இருந்தது கம்ப்ரெஷனிலா (காற்றை அழுத்தும் ஸ்ட்ரோக்) எக்ஸாஸ்டிலா (புகையை வெளியேற்றும் ஸ்ட்ரோக்) என்பதையும் கவனிக்கவில்லை என்கிறீர்கள். கேள்வி இரண்டாக இருந்தாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது ஒன்றுதான்: புள்ளி கண்ணில் படாத நேரத்திலும் டைமிங், அதாவது பிஸ்டன் நிலைக்கு ஏற்ற நேரத்தில் வால்வு திறந்து மூடுவது, சரியாக இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது?

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஐட்லர் உள்ள எஞ்சினில் சில சுற்றுகளுக்குப் பிறகு புள்ளிகள் சேராமல் இருப்பது இயல்பு. சேர்ந்தால்தான் ஆச்சரியம். கணக்கைப் பாருங்கள். கிராங்க் கியருக்கு 28 பல், கேம் கியருக்கு அதைப் போல இரண்டு மடங்கு, 56 பல் என்று வையுங்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், அதனால் இந்த இரண்டு மடங்கு எப்போதும் மாறாது. நடுவில் இருக்கும் ஐட்லருக்கு 47 பல் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை, உங்கள் எஞ்சினில் வேறாக இருக்கும். கிராங்க் 47 சுற்று முடிக்கும்போது கிராங்க் புள்ளியும் ஐட்லர் புள்ளியும் நேருக்கு நேர் வரும். ஆனால் அப்போது கேம் இருபத்து மூன்றரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும், அதன் புள்ளி நேர் எதிர்ப்பக்கம் நிற்கும். மூன்றும் மறுபடி ஒன்றாக வர கிராங்க் 94 சுற்று சுற்ற வேண்டும். கையால் சுற்றிக் காத்திருந்தால் பொழுது போய்விடும். அதுவே ஐட்லருக்கு 42 பல் என்றால் ஆறே சுற்றில் சேர்ந்துவிடும். அதனால் உங்கள் கியர்களின் பற்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எத்தனை சுற்றில் சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

ஐட்லருக்கு இப்படி மற்ற கியர்களோடு பொது வகுத்தி இல்லாத, ஒட்டாத எண்ணிக்கையில் பல் வைப்பது தற்செயல் இல்லை. வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும்போது வரும் சுமை ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே இடத்தில்தான் வரும். ஐட்லரில் பல் எண்ணிக்கை ஒட்டாமல் இருந்தால் அந்தச் சுமையை ஒரே பல் தாங்காமல் எல்லாப் பல்லும் மாறி மாறித் தாங்கும், தேய்மானம் பரவும்.

இன்னொரு விஷயம், நிறைய பேருக்குக் குழப்பம் தருவது. சாதாரண ஒற்றை ஐட்லர் எந்தப் பல்லில் நிற்கிறது என்பது டைமிங்கை மாற்றாது. கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஐட்லரைக் கழற்றி, நாலு பல் திருப்பி மாட்டினாலும் டைமிங் அப்படியே இருக்கும். அப்படியென்றால் ஐட்லரில் புள்ளி எதற்கு? கிராங்குக்கும் கேமுக்கும் இடையே எத்தனை பல் என்பதை எண்ணாமல் பூட்டுவதற்கு வசதியாக, அவ்வளவுதான். ஒரே ஐட்லரில் வெவ்வேறு எண்ணிக்கைப் பற்களோடு இரண்டு கியர் சேர்ந்து இருந்தால் இந்த விதி செல்லாது, அங்கே ஐட்லரின் நிலையும் முக்கியம். ஐட்லரே இல்லாமல் கிராங்கும் கேமும் நேரடியாகக் கோத்திருக்கும் எஞ்சின்களில், பழைய பெட்ரோல் டிராக்டர்கள் பலவற்றில் இப்படித்தான், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புள்ளிகள் தவறாமல் சேர வேண்டும். அங்கே சேரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், பிரித்துப் பாருங்கள். நேரடியாகக் கோத்தால் கேம் எதிர்த்திசையில் சுற்றும், ஐட்லர் நடுவில் வந்தால் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றும் என்பதையும் மனதில் வையுங்கள். கேமைத் தனியாகத் திருப்பும்போது திசை மாறிப்போகிற குழப்பம் இங்கேதான் வரும்.

சரி, கம்ப்ரெஷனா எக்ஸாஸ்டா என்ற கேள்வி. கேம் பூட்டும் கட்டத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கிராங்கும் பிஸ்டனும் மட்டும் இருக்கும் எஞ்சினில் முதல் பிஸ்டன் மேலே வந்து நின்றால் அது வெறும் மேல்நிலை. கம்ப்ரெஷன் என்றும் எக்ஸாஸ்ட் என்றும் பெயர் வருவது கேம் கோத்த பிறகு, வால்வுகளால் வருவது. கிராங்க் புள்ளியைச் சேர்க்க ஒரே இடம்தான் உண்டு, கேம் புள்ளியைச் சேர்க்கவும் ஒரே இடம்தான். இரண்டையும் சேர்த்துவிட்டால் இந்தச் சுற்று எது, அடுத்த சுற்று எது என்பதைக் கேமே தீர்மானித்துவிடுகிறது. நீங்கள் தவறு செய்ய வழியில்லை. புள்ளிகள் சேர்ந்து நிற்கும்போது முதல் சிலிண்டர் எந்த ஸ்ட்ரோக்கில் இருக்கும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். புள்ளி சேர்ந்தாலே கம்ப்ரெஷன்தான் என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இந்த வித்தியாசம் உயிர்நாடியாவது அடுத்த கட்டத்தில், டீசலைப் பாய்ச்சும் பம்ப்பையோ, பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவையோ டிஸ்ட்ரிப்யூட்டரையோ பூட்டும்போது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உறுதி செய்யும் முறை. இதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பிஸ்டன் உண்மையில் மேலே இருக்கும் இடம், அந்த நேரத்தில் வால்வுகள் என்ன செய்கின்றன என்பது.

பிஸ்டன் மேல்நிலையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் 200 மில்லிமீட்டர் கனெக்டிங் ராடும் உள்ள எஞ்சினில் மேல்நிலைக்கு ஒரு டிகிரி முன்னே பிஸ்டன் இறங்கியிருப்பது 0.01 மில்லிமீட்டர் அளவுதான். ஐந்து டிகிரியில்கூடக் கால் மில்லிமீட்டரைத் தாண்டாது. பத்து டிகிரியில்தான் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். ஆக, பிஸ்டன் நின்றுவிட்டது என்று கைக்குத் தோன்றும் இடம் பல டிகிரி அகலமான ஒரு சமதளம். டயல் கேஜ் வைத்தாலும் முள் நிற்கும் இடத்தைக் குறித்தால் அதே பிழைதான். செய்ய வேண்டியது இது: எஞ்சின் ஓடும் திசையில் சுற்றி, பிஸ்டன் மேலே வர இன்னும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்தி ஃபிளைவீலில் ஒரு கோடு போடுங்கள். அதே திசையில் தொடர்ந்து சுற்றி, மேலே போய்த் திரும்ப ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் உண்மையான மேல்நிலை. பத்து டிகிரி பக்கத்தில் பிஸ்டன் வேகமாக நகர்வதால் கோடுகள் துல்லியமாக விழும், நடுப்புள்ளியும் துல்லியமாக வரும்.

ஹெட் ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது என்றால் டீசலில் இன்ஜெக்டர் ஓட்டை வழியாகப் பிஸ்டனைத் தொட முடியாமல் போகலாம், முன்னறை (டீசல் முதலில் பற்றும் சின்னத் தனி அறை) வைத்த எஞ்சின்களில் அந்த ஓட்டை பிஸ்டனைப் பார்ப்பதே இல்லை. அப்போது முதல் சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் தலையின் மேல் உட்காரவிட்டு, அதன் தண்டின் மேல் டயல் கேஜ் வைத்து இதையே செய்யலாம். பழைய பணிமனைக் கையேடுகளில் சொல்லப்படும் முறைதான் இது. ஸ்பிரிங் கழற்றுவதற்கு முன் பிஸ்டன் மேலே இருப்பதை உறுதி செய்து, தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிடுங்கள். வால்வு சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டை மறுபடி தூக்க வேண்டியதுதான். முன்பக்கக் கப்பியிலோ ஃபிளைவீலிலோ கம்பெனி போட்ட குறி இருந்தாலும் நீங்கள் கண்டுபிடித்த மேல்நிலையோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். சில ஃபிளைவீல்களின் போல்ட் ஓட்டைகள் ஒரு வழியில் மட்டும் பொருந்தும்படி இருக்கும், சிலவற்றில் எப்படி வைத்தாலும் பொருந்திவிடும். இரண்டாவது வகையில் முன்பு யாராவது மாற்றிப் பூட்டியிருந்தால் குறியே பொய் சொல்லும்.

அடுத்தது வால்வு. டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) கையேட்டில் சொன்னபடி வைத்துவிட்டு வாருங்கள். சில கையேடுகள் டைமிங் பார்ப்பதற்கென்றே வழக்கத்தைவிடப் பெரிய இடைவெளி ஒன்றைச் சொல்லும், அதையும் கவனியுங்கள். பிறகு முதல் சிலிண்டரை எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் மேல்நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும், ஓவர்லேப் என்று சொல்கிறோமே அந்த இடம். பழைய டிராக்டர் எஞ்சின்கள் மெதுவாக ஓடுபவை, அவற்றின் கேம்களில் ஓவர்லேப் சிறியது. பெரும்பாலும் இன்லெட் மேல்நிலைக்குச் சற்று முன்னால் திறக்கத் தொடங்கும், எக்ஸாஸ்ட் சற்றுப் பின்னால் மூடி முடியும். அதனால் சரியான மேல்நிலையில் இரண்டு வால்வும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் முழுக்க மூடி, இன்லெட் நன்றாகத் திறந்திருந்தால் கேம் முன்னே போயிருக்கிறது. எக்ஸாஸ்ட் இன்னும் திறந்தே இருந்து இன்லெட் அசையவே இல்லை என்றால் கேம் பின்னே தங்கியிருக்கிறது.

இந்தச் சோதனை ஏன் போதும் என்றால், ஒரு பல் தவறு என்பது சின்னத் தவறு இல்லை. 720-ஐக் கேம் கியரின் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 56 பல் என்றால் ஒரு பல்லுக்குக் கிராங்கில் கிட்டத்தட்ட 13 டிகிரி. 50 பல் என்றால் 14.4 டிகிரி. ஓவர்லேப்பே சிறியதாக இருக்கும்போது 13 டிகிரி பிசகு கண்ணுக்குத் தெரியாமல் போகாது, ராக்கரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே எஞ்சினை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். ராட் இறுகும் கணம் வால்வு திறக்கத் தொடங்கும் கணம். அதை ஃபிளைவீலில் குறித்துக் கையேட்டு எண்ணோடு ஒப்பிடலாம். விரலால் செய்வதில் இரண்டு மூன்று டிகிரி முன்பின் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. மிகப் பழைய சில எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மூடிய பிறகுதான் இன்லெட் திறக்கும், ஓவர்லேப்பே கிடையாது. உங்களுடையது அப்படிப்பட்டதாக இருந்தால் சமமாகத் திறந்திருப்பதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் மூடும் இடத்தையும் இன்லெட் திறக்கும் இடத்தையும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுவதே வழி. மாடல் பெயரை நீங்கள் எழுதாததால் டிகிரி எண்ணை நான் சொல்லப் போவதில்லை. இன்னொரு எஞ்சினின் எண்ணை ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது உதவியே இல்லை.

வித்தியாசம் 13 டிகிரி வந்தால் பல் தவறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். நாலைந்து டிகிரி மட்டும் வந்தால் பல்லைக் குறை சொல்ல முடியாது, அரைப் பல் என்று ஒன்று கிடையாது. அப்போது சந்தேகப்பட வேண்டியவை வேறு. முதலில் கிராங்க் கியரையோ கேம் கியரையோ தண்டோடு பிடித்திருக்கும் சாவி என்கிற சிறு உலோகத் துண்டு. அந்த அரைவட்டச் சாவி பாதி வெட்டுப்பட்டுப் படிக்கட்டு மாதிரி ஆகியிருந்தால் கியர் சில டிகிரி நழுவிவிடும், புள்ளிகள் என்னவோ அழகாகச் சேர்ந்தே நிற்கும். அடுத்தது, கேமை மறுபடி அரைத்திருக்கலாம், அல்லது அதே குடும்பத்து வேறு எஞ்சினின் கேமோ கியரோ மாட்டப்பட்டிருக்கலாம். பல முறை கைமாறிய டிராக்டரில் இது சகஜம். கியரில் இரண்டு மூன்று பஞ்ச் குறி இருந்தால் எது கம்பெனி போட்டது, எது பிறகு யாரோ போட்டது என்று பார்க்க வேண்டும். கம்பெனி குறி பெரும்பாலும் பல்லின் நுனியிலோ பள்ளத்திலோ ஒழுங்காக இருக்கும், கையால் அடித்தது கோணலாக விழுந்திருக்கும். ஆனால் இது ஊகம்தான். இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள், வால்வு சொல்வதைக் கேளுங்கள்.

சோதனைகள் எல்லாமே கையால்தான். ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையே இருக்கும் இடம் மிகக் குறைவு, ஒரு பல் தவறினால் இடிக்கலாம். கையால் சுற்றும்போது ஒரு இடத்தில் கெட்டியாக நின்றால் கம்பியை நீட்டி முட்டுக்கொடுத்துத் திருப்பாதீர்கள், பின்னோக்கிச் சுற்றிக் காரணம் தேடுங்கள். சிலிண்டருக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும், இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் அது தெரிந்துவிடும். இதற்கு மாறாக, 1939-லிருந்து 1952 வரை வந்த ஃபோர்டு 9என், 2என், 8என் போன்ற பக்கவாட்டு வால்வு எஞ்சின்களில் வால்வு பிஸ்டனுக்கு மேலே இல்லை, பிளாக்கில் பக்கத்தில் நிற்கிறது. அவற்றில் எத்தனை பல் தவறினாலும் எதுவும் இடிக்காது. எஞ்சின் சுகமாகச் சுற்றுகிறதே என்று அங்கே ஏமாறலாம். ஸ்டாண்டர்டு எஞ்சின் பூட்டிய ஃபெர்குசன் டி.இ.20 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பல் கணக்கு அப்படியே பொருந்தாது, அதில் கேமை ஓட்டுவது செயின். லான்ஸ் புல்டாக் வைத்திருப்பவருக்கோ இந்தத் தலைவலியே இல்லை, இரண்டு ஸ்ட்ரோக், வால்வும் கிடையாது கேமும் கிடையாது.

பூட்டும் முறையில் பல் தவறுவதற்கு மிகப் பெரிய காரணம் சாய்வாக வெட்டிய பற்கள். டிராக்டர் டீசல்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஐட்லரை அதன் ஹப்பில் உள்ளே தள்ளும்போது பல்லின் சாய்வு அதைச் சுழற்றிக்கொண்டே போகும். ஹப்பின் நுனியில் வைக்கும்போது புள்ளி நேராக இருந்தால் முழுதாக உட்கார்ந்ததும் ஒரு பல் தள்ளிப் போயிருக்கும். பலர் உள்ளே தள்ளும்போது கேமும் சேர்ந்து சுழன்றதைக் கவனிப்பதில்லை. அதனால் முதலில் புள்ளியைச் சற்று விலக்கி வைத்துத் தள்ளுங்கள், உட்கார்ந்த பிறகு பாருங்கள், சேரவில்லையென்றால் வெளியே எடுத்து இன்னும் ஒரு பல் மாற்றுங்கள். வேலை தொடங்கும் முன்னே புள்ளி இருக்கும் பல்லுக்கு வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வையுங்கள். எண்ணெய் பட்ட கியரில், கையில் விளக்கோடு குனிந்து புள்ளியைத் தேடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஐட்லர் ஹப்பில் எண்ணெய்த் துளை இருந்தால் பிளாக்கில் உள்ள துளைக்கு நேராக வருகிறதா என்று ஊதிப் பாருங்கள். துளை நேராக வராதபடி திருப்பி மாட்டினால் எஞ்சின் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடும், அப்புறம் ஐட்லருக்குள் இருக்கும் புஷ் (பேரிங் வளையம்) போய்விடும்.

கேம் கியர் இறுக்கமாகப் பொருந்தும் வகையாக இருந்தால் சூடான எண்ணெயில் போட்டு விரியவைத்து மாட்டுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றுவது வேண்டாம். கேம் பின்னால் நகர்ந்து பிளாக்கின் பின்பக்க அடைப்பு மூடியைத் தள்ளிவிடும், எஞ்சின் பூட்டி முடிந்த பிறகு கிளட்ச் பக்கம் எண்ணெய் ஒழுகும்போதுதான் அது தெரியவரும்.

பேக்லாஷையும் (கோத்த பற்களுக்கு நடுவே இருக்கும் தளர்வு) அளந்துவிடுங்கள். பல பழைய எஞ்சின்களில் 0.003 முதல் 0.006 அங்குலம் வரை என்ற வட்டாரத்தில்தான் சொல்லியிருப்பார்கள், உங்களுக்குரிய எண் கையேட்டில் இருக்கும். கியரைச் சுற்றி நாலு இடத்தில் அளக்க வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் கியர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மெயின் பேரிங் இருக்கைகளை இயந்திரத்தில் புதிதாகக் குடைந்திருந்தால் கிராங்கின் மையம் சற்று மேலே ஏறி கேமை நெருங்கும். பேக்லாஷ் குறைந்து, ஓடும்போது கியர் ஊளையிடும். பழைய கியர், தேய்ந்த பல் என்றால் இதற்கு நேர்மாறு, சும்மா ஓடும்போது கடகடக்கும். கேமின் முன்பின் ஆட்டமும் இந்தச் சத்தத்தில் சேர்ந்துகொள்ளும், எது எவ்வளவு என்று காதால் பிரித்துச் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

இனி பம்ப். கேம் சரியென்று தெரிந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். முதல் சிலிண்டரை இப்போது கண்டிப்பாகக் கம்ப்ரெஷன் மேல்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நாலு சிலிண்டரில் இது எளிது. ஒன்றாவதும் நாலாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும். நாலாவது சிலிண்டரின் வால்வுகள் ஓவர்லேப்பில் மாறிக்கொண்டிருந்தால் முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கிறது. பெர்கின்ஸ் ஏ3.152 போன்ற மூன்று சிலிண்டரில் இப்படி ஜோடி கிடையாது. அங்கே முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் மேல்நிலைக்கு முன்னும் பின்னும் தளர்வாக இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்க வேண்டும்.

பம்ப் கியரும் கேமைப் போலவே கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கேயும் ஒரு பல் என்றால் 13 டிகிரி பக்கம். அரைச் சுற்றுத் தவறினால் டீசல் எக்ஸாஸ்ட் நேரத்தில் பாயும், எஞ்சின் பிடிக்காது, சைலன்சரில் ஈரமாக வெள்ளைப் புகை மட்டும் வரும். சி.ஏ.வி. டி.பி.ஏ. வகை சுழல் பம்ப்பாக இருந்தால் அதன் தண்டில் ஒரு பல் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும், ஒரே ஒரு நிலையில்தான் உள்ளே போகும். அதனால் பம்ப்பும் அதன் கியரும் தவற வழி குறைவு, கியர் ஐட்லரோடு தவறத்தான் வழி உண்டு. பம்ப் விளிம்பில் ஒரு கோடும் எஞ்சின் பக்கம் ஒரு கோடும் இருக்கும், இரண்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். பம்ப்பின் பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே எழுத்துக் குறிகள் தெரியும். எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. சிலிண்டருக்கு ஒன்றாகச் சிறு பம்ப்கள் வரிசையாக நிற்கும் வரிசைப் பம்ப் என்றால் முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, டீசல் வழிவது சொட்டாகி நிற்கும் இடத்தைப் பார்த்து வைக்கும் ஸ்பில் முறைதான் நம்பகமானது. எந்த முறையானாலும் குறிக்கு வரும்போது ஓடும் திசையிலேயே வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள். இல்லையென்றால் பேக்லாஷ் முழுக்க உங்கள் அளவில் சேர்ந்துவிடும்.

பம்ப்பைத் திருப்பிச் சரிசெய்ய விளிம்பில் நீள்வட்ட ஓட்டைகள் இருக்கும். கோட்டைச் சேர்த்து வைத்தும் எஞ்சின் ஒழுங்காக ஓடவில்லை, ஓட்டையின் கடைசி வரை திருப்பினால்தான் சுமாராக ஓடுகிறது என்றால் கியர் ஒரு பல் தவறியிருக்க வாய்ப்பு அதிகம். அதிகமாக முன்னே போனால் சுத்தியலால் அடிப்பது போல் இடிக்கும், பின்னே தங்கினால் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும், வெள்ளைப் புகை தள்ளும். இதே அறிகுறிகள் கெட்டுப்போன இன்ஜெக்டராலும் குறைந்த கம்ப்ரெஷனாலும் வரும் என்பதால் புகையை மட்டும் பார்த்து டைமிங்கைத் தொடாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சின்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி. டிஸ்ட்ரிப்யூட்டர் ஒரு பல் தவறினால் உடலைத் திருப்பியோ வயர்களை ஓரிடம் தள்ளி மாட்டியோ சமாளிக்கலாம், கேம் தவறினால் அப்படிச் சமாளிக்க வழியே இல்லை. ஃபோர்டு 8என்-இன் முற்பகுதி மாடல்களில் டிஸ்ட்ரிப்யூட்டர் கேமின் முன்நுனியிலேயே நேராக, மையம் விலகிய நாக்கில் மாட்டுகிறது. ஒரு வழியில்தான் பொருந்தும்.

மூடியைப் பூட்டும் முன் கிராங்க் கியருக்கு முன்னால் வரும் எண்ணெய் வீசும் தட்டை மறக்காமல் போடுங்கள், திசை மாறாமல். மூடி போல்ட்களைத் தளர்வாக விட்டு, கிராங்க் கப்பியை மாட்டி ஆயில் சீல் மையம் பிடித்த பிறகு இறுக்குங்கள். மேல்நிலைக் கோட்டை ஃபிளைவீலில் அழியாதபடி குறித்து வையுங்கள், இனி டேப்பட் வைக்கவும் பம்ப் பார்க்கவும் அதுதான் ஆதாரம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். பம்ப்பைப் பிரித்துப் பூட்டியிருந்தால் ஏர் இன்டேக் வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு தட்டையான பலகையைப் பக்கத்தில் ஒருவர் கையில் கொடுத்து நிறுத்துங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஏதாவது மக்கர் செய்து எஞ்சின் கட்டுமீறி வேகம் எடுத்தால் ஸ்டாப் கம்பியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். எஞ்சின் மாடலையும் மூன்று கியர்களின் பல் எண்ணிக்கையையும் ஓவர்லேப்பில் இரண்டு வால்வும் எவ்வளவு திறந்திருந்தன என்பதையும் எழுதினால், பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.